இலங்கைக்கு நீந்தப் புறப்பட்டவள்

திருவிதாங்கூரும் கொச்சியும் ஒன்றாகச் சேர்ந்த வருடம், கன்னியாகுமரியிலிருந்து இலங்கைக்கு நீந்திப்போவதென்று நான் முடிவு செய்தேன். எனக்குப் பத்து வயது. பள்ளிக்கூடத்து நிலப்படத்தில் கைவைத்து அளந்து பார்த்திருந்தேன். நடுவில் இரண்டு விரற்கடைதான் கடல். நிலப்படத்துக்கு அளவுகோல் என்று ஒன்று உண்டென்பது அடுத்த வகுப்பில்தான் பாடமாக வந்தது.

பயிற்சிக்கு ஊர்க் குளம் இருந்தது. மூன்று மாதம், ஒருநாள் விடாமல் காலையில் இறங்கினேன். காய்ச்சலடித்த அன்றும் இறங்கினேன். அம்மை தலை துவட்டிவிட்டே சலித்துப்போனாள். "கொழும்புல எறங்குனதும் ஒரு கடுதாசி போடுட்டி" என்பான் அண்ணன். சிரிக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

குளத்தைக் குறுக்கே கடந்துவிட்டால் பாதி இலங்கை வந்த மாதிரி என்பது என் கணக்கு. ஒரு ஞாயிற்றுக்கிழமை புறப்பட்டேன். படித்துறையில் அத்தை துணி துவைத்துக்கொண்டிருந்தாள். அப்பாவின் தங்கை, கலியாணமான மறுவருடமே மாமா இறந்துபோக, எங்கள் வீட்டோடு வந்துவிட்டவள். அடுக்களையை விட்டால் படித்துறை, அவ்வளவுதான் அவள் போக்குவரத்து. அவள் உரக்கப் பேசி நான் கேட்டதில்லை.

பாதிக் குளம் தாண்டியதும் தாமரைக்கொடி காலைச் சுற்றியது. உதறினேன், இன்னும் இறுகியது. "அத்தே!" என்று ஒரு தடவைதான் கத்த முடிந்தது. அதற்குள் வாயெல்லாம் தண்ணீர்.

அடுத்து எனக்குத் தெரிந்தது, என் தலைமுடியைப் பிடித்திருந்த ஒரு கை. அத்தைக்கு நீச்சல் தெரியுமென்று வீட்டில் யாரும் சொன்னதே இல்லை. முங்கிப்போய்க் கொடியை அறுத்துவிட்டு மேலே வந்தாள். நான் அழுதுகொண்டே படித்துறைப் பக்கம் திரும்பினேன்.

"எங்கட்டி திரும்புதே? பாதிக்கு மேல வந்தாச்சுல்லா? நேரே அக்கரைக்குப் போ. நான் பக்கத்துல வாறேன்."

பல்லைக் கடித்துக்கொண்டு நீந்தினேன். அக்கரைச் சேற்றில் கால் பட்டதும், "எலங்கை வந்தாச்சா மக்கா?" என்று கேட்டு, அத்தை வாய்விட்டுச் சிரித்தாள்.

"நீ கரைவழியா நடந்து வா. அம்மைகிட்ட மூச்சு விடப்பிடாது" என்று சொல்லிவிட்டு வந்த வழியே நீந்தினாள்.

நான் குளத்தைச் சுற்றிவந்து, அவள் விட்டுப்போன துணிகளையெல்லாம் பிழிந்து வைத்த பிறகும் அவள் கரையேறவில்லை. நடுக்குளத்தில், வெள்ளைச் சேலை தண்ணீரில் விரிந்துகிடக்க, வானத்தைப் பார்த்து மல்லாந்து மிதந்துகொண்டிருந்தாள். இரண்டு தடவை கூப்பிட்டேன். கையைத் தூக்கி, இரு என்பதுபோல் காட்டினாள்.

பாவம், என்னை இழுத்ததில் களைத்துப்போய்விட்டாள் என்றுதான் அன்று நினைத்தேன்.