ஃப்ரீசர் பாக்ஸுக்கு ஐந்து நட்சத்திரம்

சேலையூரில் அப்பாவின் வாடகைக் கடையில் கல்யாணத்துக்கு ஷாமியானா கிடைக்கும், சாவுக்கு ஃப்ரீசர் பாக்ஸ் கிடைக்கும். இரண்டுக்கும் நாற்காலி ஒன்றுதான்.

கடைக் கணக்கெல்லாம் இப்போது கிளவுடில் இருக்கிறது. அது போதாதென்று அப்பா நேற்று அந்த சாஃப்ட்வேரோடு வேறொரு கம்பெனியின் ஆட்-ஆனையும் இணைத்தார். வாடகைக்குப் போன பொருள் திரும்பி வந்ததும் வாடிக்கையாளருக்கு அதுவே வாட்ஸ்அப் அனுப்பிவிடும்.

இன்று காலை மாடம்பாக்கத்திலிருந்து ஒருவர், எங்கள் கடையிலிருந்து போன மெசேஜைக் காட்டி, போனை நீட்டிக்கொண்டு வந்தார். முந்தாநாள் தவறிய தன் அப்பாவுக்கு எங்களிடம் பாக்ஸ் எடுத்தவர்.

“எங்கள் ஃப்ரீசர் பாக்ஸ் உங்களுக்குப் பிடித்திருந்ததா? ஐந்து நட்சத்திரம் தாருங்கள். விரைவில் மீண்டும் சந்திப்போம்!”

“இன்னா சார் இது? ஸ்டார் நான் எப்டி குடுக்கறது? உள்ள படுத்துகினு இருந்தவரு தான சொல்லணும்?”

அப்பா உடனே என் பக்கம் திரும்பினார். என் பழைய சாதனைகள் அப்படி.

“டேய், இது உன் வேலைதான? குடு போனை. பரீட்சை முடியறவரைக்கும் கிடையாது.”

இது ஆகஸ்ட். பரீட்சை மார்ச்சில்.

நான் போனைக் கொடுத்துவிட்டு, கம்ப்யூட்டரில் ஆட்-ஆனைத் திறந்து காட்டினேன். ஷாமியானாவுக்கென்று எழுதிய மெசேஜில் பொருளின் பெயர் மட்டும் தானாக மாறுகிறது. எழுதியிருந்தது அப்பாவின் லாகினிலிருந்து.

வந்தவர் எட்டிப் பார்த்தார். “பையன உடுங்க சார். மொதல்ல அந்த ‘விரைவில்’ன்றத எடுங்க. வூட்ல அம்மா கீறாங்க.”

அப்பா ஆட்-ஆனையே எடுத்துவிட்டார். மதியம் என் போன் திரும்பி வந்தது, மன்னிப்பு எதுவும் கூட வரவில்லை.

நானே அப்பாவுக்கு ஒரு மெசேஜ் அனுப்பினேன்: “எங்கள் போன் உங்களுக்குப் பிடித்திருந்ததா? விரைவில் மீண்டும் சந்திப்போம்!”

இப்போதுதான் நீல டிக் விழுந்தது. இன்று யார் வீட்டில் எனக்குச் சோறு?