போனுக்குள் குடியிருந்த மச்சான்

சிங்கப்பூரில் சிராங்கூன் சாலையை ஒட்டிய சந்தில், போன் உறையும் சார்ஜரும் விற்கும் கடையில் வேலை செய்கிறேன். போனைப் பற்றி எனக்குத் தெரிந்ததில் பாதி, கடைக்கு வருகிறவர்கள் வாயிலிருந்து வந்தது. "போன் மூச்சு வாங்குது" என்பார் ஒருவர்; மெமரி நிறைந்துவிட்டது என்று பொருள். "கைக்குள்ள அடுப்பு வச்ச மாதிரி இருக்கு" என்பார் இன்னொருவர். உடனே பேட்டரியைப் பார்ப்பேன்.

எங்கள் ஆலயத்தில் நானும் பாடும் தமிழ்ப் பாடகர் குழுவை நடத்தும் அக்கா, சுவா சூ காங் வட்டாரத்திலிருந்து வருவார். ஒவ்வொரு பாட்டின் தொடக்கச் சுருதியையும் தன் போனில் பதிந்து வைத்திருப்பார். அதைக் காதருகே வைத்துக் கேட்டு, மெல்ல முனகி எங்களுக்குக் கொடுப்பார். "எல்லாரும் போனை அணைச்சாச்சா?" என்று வாராவாரம் அதட்டுவதும் அவர்தான். ஒரு ஞாயிறு பூசையில், நற்கருணைக்குப் பிந்தைய அமைதியில், அவர் கையிலிருந்த போனிலேயே ஏதோ விளையாட்டு விளம்பரம் கிணிகிணியென்று அலறியது. பாடகர்களுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. அக்காவின் முகத்தைப் பார்த்ததும் நின்றுவிட்டது.

மறுநாள் கடைக்கு வந்தார்.

"தம்பி, பெரிய வெள்ளிக்கு வேற யாராவது சுருதி கொடுக்கட்டும். நான் பின்னால நின்னுக்கிறேன்."

பெரிய வெள்ளி, இயேசு இறந்த துக்க நாள்; அன்று எங்களுக்குக் கருவி இசை கிடையாது. கீபோர்டு துணி மூடிக் கிடக்கும். அக்கா கொடுக்கும் அந்த ஒற்றைச் சுருதியை நம்பித்தான் மொத்தக் குழுவும் வாய் திறக்கும்.

"என் போனை எடுத்துக்குங்கக்கா."

"இரவல் போனோட நின்னா, என் போனுக்கே நான் பயந்துட்டேன்னு ஆகும்ல?"

அக்காவின் போனை வாங்கிப் பார்த்தேன். அந்த விளம்பரத்தை அலறவிட்ட குற்றவாளி ஒரு வானிலைச் செயலி. அக்கா அதைப் போடவில்லை. போன் பெட்டியிலிருந்து வரும்போதே உள்ளே இருந்தது. மற்ற செயலிகளின் மேல் வந்து நிற்க, தொடர்பு எண்களைப் படிக்க, மைக்கைத் திறக்க, எல்லாவற்றுக்கும் அதற்கு அனுமதி உண்டு. நீக்கும் பொத்தான் மட்டும் மங்கிக் கிடந்தது.

"மழை வருமான்னு சொல்றதுக்கு என் மாமியார் நம்பர் எதுக்கு?" என்றார் அக்கா. "ரூம் வாடகைக்கு எடுத்தா, ஹவுஸ் ஓனரோட மச்சான் ஹால்ல படுத்திருக்கிற மாதிரில இருக்கு. போகச் சொல்லவும் முடியாது."

நான் பல நாளாக விளக்கத் திணறியதை அவர் ஒரு மூச்சில் சொல்லிவிட்டார். இப்போது கடையில் நானும் அப்படித்தான் சொல்கிறேன்.

குழுவில் கணினி வேலை பார்க்கும் நண்பர் ஒருவர் லேப்டாப்போடு வந்தார்.

"ரூட் பண்ணிடலாம் லா. போனோட முழு அதிகாரமும், வீட்டுச் சாவியே நம்ம கைக்கு வந்துடும்."

"அதுக்குப் போனோட பூட்டைத் திறக்கும்போது உள்ள இருக்கிறதெல்லாம் அழிஞ்சிடுமே?" என்றேன்.

"காப்பி எடுத்துக்கலாம்."

"சரி, ரூட் பண்ணின உங்க போன்ல பேங்க் ஆப் திறக்குதா?"

அவர் சிரித்தார். "அதுக்குத் தனியா இன்னொரு போன் வச்சிருக்கேன்."

"எனக்கு ஒண்ணே பெரும்பாடு" என்றார் அக்கா.

ரூட் செய்யாமலே ஒரு வழி எனக்குத் தெரியும். செட்டிங்ஸில் 'பில்ட் எண்' என்ற வரியை விடாமல் தட்டினால், 'நீங்கள் இப்போது டெவலப்பர்', அதாவது மென்பொருள் எழுதுகிறவர், என்று போன் சொல்லும். காலேஜ் பக்கமே போகாத எனக்கு அந்தப் பட்டம் ஒவ்வொரு முறையும் இனிக்கும். நண்பரின் லேப்டாப்பில் கேபிளைச் செருகி, அந்தச் செயலியை மட்டும் அக்காவின் பயன்பாட்டிலிருந்து எடுக்கும் கட்டளையைத் தட்டினேன். கட்டளையில் செயலியின் பெயர் மாறினால் போன் எழாமலே போகலாம். நண்பர் எழுத்தெழுத்தாக வாசித்துச் சரிபார்த்தார். என்டரை அழுத்தினேன்.

"மச்சான் போயிட்டானா?"

"உள்ளதான் இருப்பான்க்கா, ஆனா எழுந்திருக்க மாட்டான். போனை முழுசா ரீசெட் பண்ணாதான் முழிச்சுக்குவான்."

பெரிய வெள்ளியன்று, மூடிய கீபோர்டுக்குப் பக்கத்தில் அக்கா அதே போனோடு நின்றார். மின்விசிறிச் சத்தம் மட்டும் கேட்டது. பின்வரிசையிலிருந்து நான் அந்தப் போனையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் போனைக் காதருகே கொண்டுபோனார், கேட்டார், இறக்கினார், முனகினார். அந்தச் சுருதியில் நாங்கள் அத்தனை பேரும் ஏறி நின்றோம். கடைசி அடிவரை இறங்கவில்லை. என் கைவேலை அங்கே யாருக்கும் கேட்கவில்லை. எனக்கு நெஞ்சு நிமிர்ந்தது.

வெளியே வந்ததும் அக்கா எங்களை நிறுத்தினார். "ஞாயித்துக்கிழமை வரும்போது எல்லாரும் போனை அணைச்சிட்டு வாங்க."

பழைய அதட்டல் அப்படியே இருந்தது. யாரும் சிரிக்கவில்லை.