பந்து வராத சீசன்

கூடைப்பந்தில் ஃபார்வர்டாக ஆடுகிறவளுக்குப் பந்தைத் தொடுவதற்கு முன்னால் வேறு வேலைகள் நிறைய உண்டு. ரிங்குக்குக் கீழே இடம் பிடிக்க வேண்டும். எதிரணியில் நம்மைவிடப் பருமனான ஒருத்தியை முதுகால் தள்ளிக்கொண்டே நிற்க வேண்டும். அவள் முழங்கை நம் விலாவில் இறங்கும்போது ரெஃப்ரி சரியாக வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருப்பார். அதனால்தானோ என்னவோ, அந்த சீசனில் எனக்குப் பந்து வருவது குறைந்துபோனதை நானே தாமதமாகத்தான் கவனித்தேன்.

இந்த ஆட்டத்துக்கு நான் வந்தது உயரத்தால். அடையாற்றங்கரையில் எங்கள் குடிசை. எட்டாம் வகுப்பு படிக்கும்போதே டீச்சர்களைக் குனிந்து பார்க்க வேண்டியிருந்தது. ஆள் குறைந்த ஒரு மேட்சில் என்னைக் கொண்டுபோய் நிறுத்தினார்கள். பிறகு யாரும் என்னை வெளியே எடுக்கவில்லை. காலேஜ் சீட்டு ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் கிடைத்தது. தி.நகரில் ஓர் அலுவலகத்தில் வேலையும் அப்படியே. கிளார்க் என்று பெயர், ஆனால் அவர்களுக்கு வேண்டியது அலுவலக டீமுக்கு ஓர் ஆள். மதியம்வரை சீட்டில் இருப்போம். சாயங்காலம் பிராக்டிஸ். போட்டிகள் நடக்கும் மாதங்களில் சீட்டுப் பக்கமே போவதில்லை.

இதற்கிடையில் ஆற்றோரக் குடிசைகளை எடுத்துவிட்டு எங்களை ஊருக்கு வெளியே அடுக்குமாடிக்கு அனுப்பினார்கள். போட்டி நெருங்கினால் காலையிலும் மயிலாப்பூர் மைதானத்தில் பிராக்டிஸ் இருக்கும். முதல் பஸ்ஸைப் பிடித்தால்தான் நேரத்துக்குப் போய்ச் சேரலாம். அந்த பஸ் முழுக்க எங்கள் பழைய குடிசைக்காரப் பெண்கள்தான். முன்பு நடந்து போய்ச் செய்த அதே வீடுகளின் வேலைக்கு இப்போது பஸ் ஏறிப் போனார்கள். என் அம்மாவும் அதில் ஒருத்தி. அடையாறில் இரண்டு வீடுகளில் சமையல். பஸ் ஏறியதும் என் தோளில் சாய்ந்து தூங்கிவிடுவாள். ஷூ பையை மடியில் வைத்துக்கொண்டு நானும் தூங்குவேன்.

எங்கள் டீமில் பந்தை எடுத்து வருகிறவள் மயிலாப்பூர்க்காரி. என் தோளுக்கும் எட்டமாட்டாள். காலேஜிலிருந்தே சேர்ந்து ஆடினோம். வேறு பக்கம் பார்த்துக்கொண்டே என் கைக்குப் பந்து போடுவாள். அது எப்போது வரும் என்று அவள் தோள்பட்டை திரும்புவதிலேயே எனக்குத் தெரிந்துவிடும். எங்கள் இருவருக்கும் பேச்சு அதிகம் கிடையாது. தேவைப்படவில்லை.

ஓர் அரையிறுதியில் பந்துக்கு எழும்பி இறங்கியபோது வலது முழங்காலுக்குள் ஏதோ அறுந்தது. ஆபரேஷன் செய்தார்கள். பிறகு பிசியோதெரபி. காலை நீட்டி மடக்குவதையே வேலையாகச் செய்து ஒரு வருடம் போனது. மறுபடி ஜெர்சி போட்டபோது, "பழைய மாதிரியே ஆயிட்டே" என்று எல்லோரும் சொன்னார்கள். நானும் அப்படித்தான் சொல்லிக்கொண்டேன். வீட்டுக்குப் படியேறும்போது மட்டும் கைப்பிடியை விடுவதில்லை.

அந்த சீசனில் தி.நகரில் ஒரு மேட்ச். ரிங்குக்குக் கீழே நான் தனியாக நிற்கிறேன். என்னை மறைக்க ஆளே இல்லை. கையைத் தூக்கினேன். பந்து வைத்திருந்த மயிலாப்பூர்க்காரி என்னைப் பார்த்தாள். நன்றாகவே பார்த்தாள். பார்த்துவிட்டு, தூரத்தில் ஓரமாக நின்ற புதுப் பெண்ணுக்குப் பந்தைப் போட்டாள். அந்தப் பெண் அடித்தது ரிங்கில்கூடப் படவில்லை. மேட்ச் முடிகிறவரை கண்ணில் அதுவே நின்றது. அதற்கு முந்தைய மேட்ச்களும் ஒவ்வொன்றாக ஞாபகம் வந்தன.

எல்லோரும் போனபிறகு பெஞ்சில் மயிலாப்பூர்க்காரி பக்கத்தில் உட்கார்ந்தேன். அவள் ஷூவைக் கழற்றிக்கொண்டிருந்தாள்.

"இன்னாடி, எனுக்குப் பந்தே வர்ல?"

அவள் அடுத்த ஷூவின் லேஸை அவிழ்த்தாள்.

"கோச் எதுனா சொன்னாரா?"

"அவர் ஒண்ணும் சொல்லலை. நானாத்தான் போடலை."

"ஏன்?"

"போட்டா நீ எழும்பணும். எழும்பினா எறங்கணும்." சாக்ஸைச் சுருட்டிப் பைக்குள் வைத்தாள். "எறங்கறச்சே ஒன் மூஞ்சி எப்படிப் போறதுன்னு நோக்குத் தெரியாது. நான் எதிர்ல நின்னுண்டு பாத்துண்டிருக்கேன். என்னால முடியலைடி."

எனக்குக் கோபம் வந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். வரவில்லை. வெகுதூரம் நின்றுகொண்டே வந்த பஸ்ஸில் யாரோ எழுந்து இடம் கொடுத்ததுபோல இருந்தது. அவ்வளவு நாளும் நான் எவ்வளவு களைத்திருந்தேன் என்று அப்போதுதான் தெரிந்தது.

"சொல்லியிருக்கலாம்ல," என்றேன்.

"எப்படிச் சொல்றது?"

இருவரும் பாண்டி பஜார் வரை மெதுவாக நடந்தோம். அவள் எனக்காகத்தான் மெதுவாக நடந்தாள்.

வீட்டில் அம்மா வெங்காயம் அரிந்துகொண்டிருந்தாள். ஆட்டத்தை விடப்போகிறேன் என்றேன்.

"வேலைய வுட்டுத் தூக்கிருவாங்களா?"

"இல்லமா. வேலை கீது. சீட்டுல உக்காந்து பாக்கணும், அவ்ளோதான்."

அம்மா கத்தியைக் கீழே வைத்தாள். "அப்ப இன்னாத்துக்கு இம்மாம் வருசம் கால ஒட்சிக்கினு ஓடினு இருந்த?"

தட்டை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

பதிலுக்கு ஆள் கிடைக்கவில்லை, சீசன் முடியும்வரை இரு என்றார் கோச். இருந்தேன். பெரும்பாலும் பெஞ்சில். கடைசி மேட்சில், தோற்பது உறுதியானபிறகு என்னை இறக்கினார். போனதும் அவள் தோள்பட்டை திரும்பியது. பந்து வந்தது. எழும்பினேன். யாரோ கையில் தட்டினார்கள். பந்து ரிங்கின் விளிம்பில் சுற்றிவிட்டு வெளியே விழுந்தது. இறங்கும்போது வலித்தது. நான் அவளைப் பார்த்தபோது அவள் ஸ்கோர்போர்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கையில் தட்டியதற்குக் கிடைத்த இரண்டு ஃப்ரீ த்ரோவில் ஒன்றுதான் உள்ளே போனது. வழியனுப்பு விழா எதுவும் இல்லை. இட்லிப் பொட்டலம் கொடுத்தார்கள், சாப்பிட்டுவிட்டுக் கிளம்பினோம்.

அடுத்த வருடம் அவளும் மாற்றல் வாங்கிக்கொண்டு கோயம்புத்தூர் போய்விட்டாள். எப்போதாவது போன் பேசுவோம். ஆட்டத்தைப் பற்றிய பேச்சை இருவருமே எடுப்பதில்லை.

இப்போது நாள் முழுக்க சீட்டில் இருக்கிறேன். மேல் அடுக்கிலிருந்து ஃபைல் எடுக்க வேண்டுமென்றால் எல்லோரும் என்னைத்தான் கூப்பிடுகிறார்கள், ஸ்டூல் தேவையில்லை என்பதால். சென்ற மாதம் புதிதாக வந்த மேனேஜர் கேட்டார், "நீங்க பிளேயராமே மேடம்? என்ன பொசிஷன்?"

"ஃபார்வர்ட், சார்."

"அப்ப நிறைய கோல் போட்டிருப்பீங்க."

கூடைப்பந்தில் கோல் என்று சொல்லமாட்டோம் என்று விளக்கலாமா என்று யோசித்தேன். கவுன்ட்டரில் ஆட்கள் நின்றார்கள்.

"போட்டிருக்கேன் சார்," என்றேன்.