பின்சீற்றில் ஒரு சில்லு

டயர் மாட்டிய சில்லுக்குப் பெல்ட் போட்டுவிட்டுத்தான் முன்ஸிர் தன் பெல்ட்டைப் போடுவார். சிவப்புக் காரின் பின்சீற்றில் அது பயணத்துக்கு ஆயத்தமான பெரிய மனிதர் மாதிரி நிமிர்ந்து இருக்கும். ஒருதரம் ஆட்டிப் பார்ப்பார். கதவைச் சாத்துவார். திரும்பத் திறந்து இன்னொருதரம் ஆட்டிப் பார்ப்பார். பிஸ்மி சொல்லிக் காரைக் கிளப்பிய பிறகும் கண் கண்ணாடியில்தான், சில்லு இருக்கிறதா என்று.

முல்லைத்தீவில் லொறி வைத்திருந்த மீராசாகிபுவின் தங்கை மகன் இவர். மனைவி றம்லா. றம்லாவின் தம்பி றிஷாட் கட்டாரில் உழைத்த காசில் கொழும்பில் வாங்கி வந்த கார் அது. ஜப்பான்காரன் செய்த ஸ்போர்ட்ஸ் கார்; இரண்டே கதவு, நிலத்தோடு ஒட்டிய உடம்பு, பின்னால் சின்னப் பிள்ளைகள் இருக்கிற அளவில் ஒரு சீற். வன்னியில் அதைக்கொண்டு ஒருவரும் போட்டிக்கு ஓடுவதில்லை. கலியாண மாப்பிள்ளைமாரை ஏற்றத்தான் ஓடுகிறது. ஓட்டுகிறவர் முன்ஸிர்.

அந்தக் காருக்குப் பிறப்பிலேயே ஸ்பெயார் வீல் கிடையாது. பாரம் குறைந்தால் வேகம் கூடும் என்று செய்தவர்களே விட்டுவிட்டார்கள். பதிலுக்குத் தகர ரின் ஒன்றில் நுரை மருந்து வைத்திருக்கிறார்கள். காற்றுப் போனால் டயருக்குள் அடிக்க வேண்டுமாம். முன்ஸிர் அந்த ரின்னைக் காதோடு வைத்துக் குலுக்கிப் பார்த்தார். "சவுக்கார நுரைய நம்பி ஆக்களை ஏத்தேலாது" என்றுவிட்டார்.

வவுனியாவில் பழைய சாமான் கடைகளெல்லாம் அலைந்து ஒரு சில்லுப் பிடித்தார். கொண்டுவந்த பிறகுதான் தெரிந்தது, அந்தக் காருக்கு முன்சில்லு ஓர் அளவு, பின்சில்லு வேறோர் அளவு என்று. வாங்கியது பின்னுக்குத்தான் சரி. அன்றிலிருந்து முன்சில்லுகள் இரண்டையும் காய்ச்சல்காரப் பிள்ளைகளைப் பார்ப்பதுபோலப் பார்க்கிறார்.

றிஷாட்டுக்கு வயிறு எரியும். "மச்சான், கொம்பனிக்காரன் பாரத்தை றாத்தல் றாத்தலாக் கழிச்சுத்தான் இந்தக் காரைச் செய்திருக்கிறான். நீங்க அதுக்குள்ள கொண்டுபோய்ச் சில்லை ஏத்துறீங்க."

"கழிச்சவன் ஜப்பானில இருக்கிறான். ஒட்டுசுட்டான் காட்டுக்குள்ள நிக்கப்போறது நான்."

இந்தக் கதை அவர்களுக்குள் மாதத்துக்கு ஒருதரமாவது வரும். ஒருவரும் வென்றதில்லை.

கலியாண வீட்டு முற்றத்துக்குள் முன்ஸிர் காரை விடமாட்டார். பந்தல் போட்ட இடத்தில் ஆணி கிடக்கும் என்பார். வீட்டுக்காரர் மனம் நோவார்கள். அவர் றோட்டிலேயே நிற்பார். தேத்தண்ணி கொடுத்தாலும் நின்றபடி, நாலு டயரும் தெரிகிற பக்கமாய்ப் பார்த்துத்தான் குடிப்பார். வீட்டிலும் எல்லாவற்றுக்கும் ஒரு மாற்று வைத்திருக்கிற மனிதர். பூட்டுக்குத் திறப்பு இரண்டு, மூக்குக்கண்ணாடி இரண்டு, குசினியில் காஸ் சிலிண்டர் இரண்டு. "எனக்கும் எங்கயாவது ஒரு ஸ்பெயார் வச்சிருக்கிறாரோ தெரியாது" என்று றம்லா வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிச் சிரிப்பா. அந்தப் பகிடிக்கு மட்டும் முன்ஸிருக்குக் காது கேட்காது.

போன ஆவணியில் ஒரு கலியாண ஹயர் ஓட்டம் வந்தது. கிளிநொச்சிப் பக்கம் வட்டக்கச்சி மாப்பிள்ளை திலீபன். பெண் லக்சிகாவுக்கு ஊர் பூவரசங்குளம். பொழுது விடிய மாப்பிள்ளையை ஏற்றி, முகூர்த்தத்துக்கு முதல் பெண் பகுதியின் மண்டபத்தில் இறக்க வேண்டும். திலீபனின் தாய் சிவனேஸ்வரி அந்த நேரத்தைக் குறித்துக்கொண்டு வரப் பட்ட பாடு அவாவுக்குத்தான் தெரியும். பிந்தினால் அடுத்த நல்ல நேரம் அன்றைக்கு இல்லை.

முன்ஸிர் போய் இறங்கினால் அங்கே தோழன் நிற்கிறார். பெண்ணின் தமையன் கிருசாந்தன். பெண்ணின் சகோதரன் தோழனாய் வந்து மாப்பிள்ளையைக் கூட்டிப் போவது அவர்களின் முறை. மாப்பிள்ளை முன்சீற்றில். தோழனுக்கு இடம் பின்சீற். அங்கே சில்லு இருக்கிறது.

முன்ஸிர் காரைச் சுற்றி நடந்தார். டிக்கியைத் திறந்து, சில்லு அதற்குள் போகாது என்று நூறுதரம் அளந்து வைத்ததைத் திரும்பவும் கையால் அளந்தார். போனில் றிஷாட்டைக் கூப்பிட்டார். தோழன் இல்லாமல் மாப்பிள்ளை போகலாமா, சில்லை இறக்குங்கள் என்று மச்சான் ஒரே சொல்லில் முடித்துவிட்டார்.

கடைசியில் சில்லு சொந்தக்காரர் போகிற வான் வண்டிக்குள் ஏறியது. கூறைச்சேலைத் தட்டுக்குப் பக்கத்தில் கறுத்த டயரா என்று சிவனேஸ்வரி முகம் சுழித்தா. முன்ஸிர் மாற்றி உடுக்க வைத்திருந்த சாரத்தால் சில்லை மூடிக் கட்டினார். வான் ஓட்டுகிற செல்வநாயகத்தின் கையைப் பிடித்துக்கொண்டு, "தம்பி, என்ர பின்னாலதான் வரவேணும். முந்தக்கூடாது" என்று சொன்னார். அவர் ஓம் என்றார்.

வெளிக்கிடும்போது காருக்கு முன்னால் தேங்காய் உடைத்தார்கள். சிரட்டைத் துண்டுகள் முன்சில்லுக்கு நேரே சிதறின. முன்ஸிர் இறங்கிக் காலால் ஒதுக்கப் போக, அண்ணன் முறை வைத்து நானா என்று கூப்பிட்டுச் சிவனேஸ்வரி தடுத்தா.

"நானா, மங்கலத்துக்கு உடைச்சதைக் காலால தட்டாதேங்கோ."

அவர் குனிந்து ஒவ்வொரு துண்டாய்க் கையால் பொறுக்கி வேலிக்கரையில் வைத்தார். மாப்பிள்ளை காருக்குள் இருந்தார், கூரை தலையில் முட்டும் அளவு பதிவென்பதால் தலைப்பாகையை மடியில் வைத்தபடி. பின்னால் தோழன் முழங்கால் நாடியில் முட்ட மடங்கிக் கிடந்தார்.

கண்டி றோட்டில் ஏறியும் கார் வேகம் எடுக்கவில்லை. முன்ஸிரின் கண் முன்னுக்கு இல்லை, கண்ணாடியில் இருந்தது. வான் கொஞ்சம் சிறுத்துத் தெரிந்தால் காலை எடுப்பார். கார் மெதுவாகும். முந்தக்கூடாது என்று சொன்ன சொல்லைக் காப்பாற்ற செல்வநாயகமும் மெதுவாக்குவார். வான் இன்னும் சிறுக்கும். இவர் இன்னும் காலை எடுப்பார். பஸ்கள் ஹோன் அடித்துக்கொண்டு முந்தின. நெல்மூட்டை ஏற்றிய உழவு இயந்திரம் ஒன்றும் முந்தியது. மூட்டைமேல் இருந்தவர்கள் மாப்பிள்ளைக்குக் கை காட்டிப் போனார்கள்.

"நானா," என்றார் கிருசாந்தன் பின்னாலிருந்து, "தங்கச்சிக்கு நரைக்க முதல் போய்ச் சேருவமோ?"

திலீபன் சிரிக்கவில்லை. நெற்றிச் சந்தனம் வியர்வையில் இறங்கிக்கொண்டிருந்தது. தாய் வானுக்குள்ளிருந்து மூன்றாம் முறையாகப் போன் எடுத்துவிட்டா. "முகூர்த்தம் பிந்தினா அம்மா தாங்கமாட்டா நானா. கொஞ்சம் காலை அமத்தி ஓடுங்கோ."

முன்ஸிர் ஸ்டியரிங்கில் கையைத் துடைத்தார். "சில்லை விட்டுட்டு அமத்திப்போய் ஒண்டு நடந்துதெண்டா, ஆரோ ஒராள் இறங்கி நடக்கவேண்டி வரும் தம்பி."

அப்படி இறங்கி நடந்தவர் யார் என்று மீராசாகிபுவின் குடும்பத்தை அறிந்தவர்களுக்குத் தெரியும். தொண்ணூறாம் ஆண்டு முஸ்லிம்களை ஊரைவிட்டுப் போகச் சொல்லி எல்லோரும் வெளிக்கிட்டபோது, இன்னும் இரண்டு பேர் ஏறட்டும் என்று மீராசாகிபு லொறியிலிருந்த ஸ்பெயார் வீலைக் கழற்றி வீட்டு வாசலில் வைத்தார். சில்லு இருந்த இடத்தில் பத்து வயது முன்ஸிரை இருத்தினார்கள். நெடுங்கேணிக் காட்டில் டயர் வெடித்தது. ஒரு சில்லுக் கேட்டு வாறன் என்று மீராசாகிபு றோட்டால் நடந்து போனார். பொழுதுபட வேறொரு லொறி வந்து இவர்களை ஏற்றியது. நடந்து போனவர் வரவில்லை. இன்றுவரை வரவில்லை.

மாங்குளம் தாண்டியதும் கிருசாந்தன் போனை எடுத்து வாய்க்குள் இரண்டு சொல் கதைத்தார். கொஞ்ச நேரத்தில் கண்ணாடியில் வான் பெருத்தது. இன்னும் பெருத்தது. பிறகு கண்ணாடியில் இல்லை. பக்கத்தில் வந்து, ஹோன் அடித்து, முன்னால் போய்விட்டது. முந்திப் போகச் சொன்னது தோழன்தான் என்பது முன்ஸிருக்கு அப்போது தெரியாது.

"சில்லு போகுது" என்றார் முன்ஸிர், தனக்குத்தானே.

அவருடைய கால் அமர்ந்தது. சீற் மாப்பிள்ளையின் முதுகைப் பிடித்து இழுத்தது. கனகராயன்குளம், புளியங்குளம், ஓமந்தை எல்லாம் பக்கவாட்டில் ஓடின. அந்தக் கார் இவ்வளவு லேசு என்று அன்றைக்குத்தான் முன்ஸிர் கண்டார். காலை வைத்த இடத்துக்குத் துள்ளிப் போனது. வளைவில் பாரமே இல்லாமல் திரும்பியது. அந்த லேசு அவருக்குக் கொஞ்சமும் பிடிக்கவில்லை. சொண்டு காய ஓதிக்கொண்டே வந்தார். வானின் பின்கதவைக் கண்ணால் பிடித்தபடி வவுனியா நகரத்துக்குள் நுழைந்து, மன்னார் றோட்டில் திரும்பி, கடைசிவரை அதை விடவில்லை. பகிடி விட்ட தோழன் இப்போது இரண்டு கையாலும் முன்சீற்றைப் பிடித்திருந்தார்.

பூவரசங்குளத்தில் மேளம் வாசலிலேயே காத்து நின்றது. முகூர்த்தத்துக்கு இன்னும் நேரம் இருந்தது. சிவனேஸ்வரி வானைவிட்டு இறங்கி, கூறைத் தட்டைத் தலைக்குமேல் தூக்காத குறையாய் நடந்தா. கிருசாந்தன் காலை நீட்டி நிமிர்த்தி, நொண்டி நொண்டிப் போய், செம்பில் தண்ணீர் எடுத்து மாப்பிள்ளையின் காலைக் கழுவினார். மாப்பிள்ளை அவருக்கு மோதிரம் போட்டார். ஆலத்தி எடுத்தார்கள். பெண்ணின் தகப்பன் வீரகத்தி கூட்டத்தை விலக்கிக்கொண்டு றோட்டுக்கு வந்து, சாப்பிட வரச்சொல்லி நானாவைக் கூப்பிட்டார்.

முன்ஸிர் வானின் பின்கதவுக்குள் பாதி உடம்பாய் நின்றார். சாரத்தை அவிழ்த்துச் சில்லைத் தன் பக்கம் திருப்பியிருந்தார். ஒரு கையை வீரகத்தியின் பக்கம் உயர்த்தி, கொஞ்சம் பொறுங்கள் என்று காட்டினார். மற்றக் கையின் விரலை நாக்கில் தொட்டு, எச்சிலைக் காற்றடிக்கிற வாயில் தடவினார். காற்றுக் கசிந்து குமிழி வருகிறதா என்று முகத்தைக் கிட்டக் கொண்டுபோய், மூச்சு விடாமல் பார்த்துக்கொண்டு நின்றார்.