எங்கள் வீட்டில் விழுந்த பற்கள்

என் மகள் மேலுதடு பிளந்து பிறந்தாள். கைக்குழந்தையாக இருக்கும்போதே தைத்துவிட்டார்கள். இப்போது மூக்குக்குக் கீழே ஒரு மெல்லிய கோடுதான். ஆனால் லிங்கராஜபுரத்தில் என் மாமியார் வீட்டில் காரணம் அன்றைக்கே முடிவாகிவிட்டது: கிரகண நேரத்தில் நான் நூல்கோல் நறுக்கினேன். ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போகிற வீடு, ஜாதகம் பார்க்காத வீடு. கிரகணத்துக்கு மட்டும் விதிவிலக்கு. அப்போது எனக்கு ஏழாவது மாதம். உதடு இரண்டாம் மாதமே கூடிவிடும் என்று டாக்டர் சொன்னதை அங்கே யாரும் காதில் வாங்கவில்லை. எட்டு வருஷமாக, யார் வந்தாலும் அத்தை பெருமூச்சு விட்டு, "அன்னிக்கே சொன்னேன், கேட்டாத்தானே" என்பார். நான் காபி கலக்கப் போய்விடுவேன்.

போன வருஷம் மகளுக்கு முன்பல்லை அடுத்த பல் வரவேயில்லை. காக்ஸ் டவுனில் ஒரு பல் டாக்டரிடம் போனோம். எக்ஸ்ரேயில், தைத்த பக்கம் அந்தப் பல்லின் முளையே இல்லை. அது சகஜம் என்றார் டாக்டர். பிளவே இல்லாத மறுபக்கத்திலும் இல்லை. அவர் படத்தை வைத்துவிட்டு எங்கள் இருவரையும் பார்த்தார்.

"உங்க ஃபேமிலில யாருக்காச்சும் பல்லு முளைக்காமலே இருந்திருக்கா?"

"இல்ல டாக்டர்" என்றார் என் கணவர், கேள்வி முடிவதற்குள்.

"உதடும் பல்லும் வயித்துக்குள்ள கிட்டத்தட்ட ஒரே டைம்ல ஆரம்பிக்குது. சில ஜீன் ரெண்டுக்கும் பொது. சில குடும்பத்துல ஒருத்தருக்கு உதடு பிளந்திருக்கும், இன்னொருத்தருக்குப் பல்லு மட்டும் வராது. எல்லா வீட்டுலயும் அப்படின்னு சொல்ல முடியாது. எதுக்கும் விசாரிச்சுப் பாருங்க."

வண்டியில் திரும்பும்போதே சந்தேகம் என்னைப் பிடித்துக்கொண்டது. என் கணவருக்கு அதே இடத்தில் கட்டிய பல். காலேஜ் நாளில் பைக்கிலிருந்து விழுந்தாராம். அவர் தம்பிக்கும் அதே இடத்தில் கட்டிய பல். அது கிரிக்கெட் பந்தாம். பந்தும் பைக்கும் பேசிவைத்துக்கொண்டா ஒரே பல்லைத் தட்டின? பல்லையே பெயர்த்த விபத்து, உதட்டில் ஒரு கீறல்கூடப் போடவில்லை.

"எங்கங்க விழுந்தீங்க?" என்று சாதாரணமாகக் கேட்டேன். மேம்பாலம் என்றார். மறுநாள் அத்தையிடம் கேட்டேன். ரயில்வே கேட் என்றார். அந்த ஞாயிற்றுக்கிழமை மட்டன் குழம்பு எனக்கு இறங்கவில்லை; எல்லோர் வாயையும் பார்த்துக்கொண்டிருந்தேன். அத்தை எலும்பைக் கடிக்காமல் தட்டோரம் ஒதுக்கினார். சிரிக்கும்போது முந்தானை வாய்க்குப் போனது. இத்தனை நாள் அதை அடக்கம் என்று நினைத்திருந்தேன்.

ஆண்கள் தூங்கப் போனதும் சமையலறையில் டாக்டர் சொன்னதை அப்படியே சொன்னேன். "அத்தே, உங்களுக்கும் முளைக்கலையா?"

சண்டை வரும் என்று தயாராக நின்றேன். அவர் வாசல் பக்கம் ஒரு முறை பார்த்துவிட்டு, வாய்க்குள் விரலை விட்டு பல்செட்டைக் கழற்றினார். முன்பற்களின் இரண்டு பக்கமும் வெறும் ஈறு.

"பொண்ணு பாக்க வர்றதுக்கு முன்னாடி எங்கம்மா கட்டிவெச்சாங்க. உங்க மாமாவுக்கே தெரியாது. பசங்களுக்கும் வரலன்னதும் பயந்துட்டேன். குறையிருக்குன்னு தெரிஞ்சா யாரும்மா பொண்ணு குடுப்பாங்க? பைக்கு, பந்துன்னு நான்தான் சொல்லச் சொன்னேன்."

அப்படியென்றால் என் கணவருக்கும் தெரியும். தெரிந்துதான் டாக்டரிடம் அவ்வளவு அவசரமாக இல்லை என்றார். அவர்மேல் வந்த கோபம் இன்னும் அடங்கவில்லை.

"அப்ப பாப்பாவுக்கு என்கிட்டேயிருந்து வந்ததா?" என்று கேட்டார் அத்தை.

"டெஸ்ட் பண்ணாத்தான் தெரியும் அத்தே. இருக்கலாம்."

அவர் பல்செட்டைக் கழுவி மறுபடி மாட்டிக்கொண்டார். பிறகு, "நீ ஒண்ணும் பண்ணலம்மா" என்றார்.

இந்த ஒரு வார்த்தைக்காக எத்தனை வருஷம் காத்திருந்தேன்! ஜெயித்த சந்தோஷம் வரும் என்று நினைத்தேன். அழுகைதான் வந்தது, அடக்கவே முடியாத அழுகை. டாக்டர் சொன்னதை நான் நம்பிவிட்டதாகத்தான் அதுவரை நினைத்திருந்தேன். நம்பவேயில்லை. அந்த வீட்டில் என்மேல் அதிகம் சந்தேகப்பட்டவள் நான்தான்.