எட்டு வால்வும் ஒரு கண்மை டப்பாவும்

எங்கள் வீட்டு உலக்கை நெல் குத்தி நான் பார்த்ததில்லை. பிஸ்டன் குத்தித்தான் பார்த்திருக்கிறேன்.

அப்பா மஸ்கட்டுக்குப் போகும்வரை மன்னார்குடியில் டாக்சி ஓட்டினார். அவர் போனபின் அந்த டீசல் கார் கொட்டகையிலேயே கிடந்தது. ஓர் ஐப்பசி மழையில் வாய்க்கால் உடைத்துக்கொண்டு வந்து, வண்டி மூன்று நாள் தண்ணீரில் நின்றது. அதோடு எஞ்சின் துருப்பிடித்து இறுகிவிட்டது. மறுவருஷம் ஆடியில், வருகிற பொங்கலுக்கு லீவில் வருவதாகவும், அதற்குள் வண்டியை வந்த விலைக்குத் தள்ளிவிடும்படியும் அப்பா கடிதம் போட்டார். பார்க்க வந்த மெக்கானிக் பானெட்டைத் திறந்தார், மூடினார். "காயலான் கடைக்குப் போடுங்கக்கா, எடைக்காவது தேறும்" என்றார்.

அம்மாவிடம் போய் அப்படிச் சொல்லலாமா? வயலில் இருந்த பம்புசெட் எஞ்சினைத் தானே கழற்றி மாட்டுகிறவள் அவள். "அதுவும் டீசல்தான், இதுவும் டீசல்தான். நானே பாத்துக்கறேன்" என்றாள்.

மாமா, அவளுடைய அண்ணன், விழுந்து விழுந்து சிரித்தார். "பம்புசெட்டுக்கு ஒரு சிலிண்டரு, இதுக்கு நாலு. கிறுக்குப் புடிச்சிருக்கா ஒனக்கு?"

"வண்டி ஓடுனா அவரு இங்கயே சவாரி பாப்பாருண்ணே. அப்புறம் எதுக்குத் திரும்பிப் போவணும்?"

மாமா சிரிப்பை நிறுத்திக்கொண்டார். குறுவை அறுப்பு முடிந்த மறுநாள் கப்பியும் கயிறுமாக வந்து நின்றார். நாலு ஆள் சேர்ந்து இழுக்க, எஞ்சின் புளியமரக் கிளையில் தொங்கியது. மண்ணெண்ணெயும் விளக்கெண்ணெயும் கலந்து ஊற்றிப் பத்து நாள் ஊறவிட்டாள் அம்மா. அதன் பிறகுதான் உலக்கை வந்தது. பூண் இல்லாத பக்கத்தால் தட்டித் தட்டி, நாலு பிஸ்டனையும் வெளியே எடுத்தாள். கடைசி ஒன்று அசையவே ஐந்து நாள் ஆயிற்று.

ஒவ்வொரு சிலிண்டரின் சாமானுக்கும் ஒரு முறம். ஆக நாலு முறம். "எந்த வால்வு எந்தக் குழியில ஒக்காந்து பழகுச்சோ, அதுலதான் ஒழுங்கா ஒக்காரும். மாத்துன, தொலைச்சுப்புடுவேன்" என்று என்னை எச்சரித்தாள். குத்துவிளக்கு தேய்க்கிற புளியையும் உமிச்சாம்பலையும் கொடுத்து, எட்டு வால்வையும் தேய்க்கச் சொன்னாள். எனக்குப் பத்து வயது. தேய்த்தேன். பளபளவென்று வந்தது.

பளபளப்புத்தான் வினையாய்ப் போயிற்று. ஆயுத பூஜைக்கு முதல் நாள் அம்மாவும் மாமாவும் சிலிண்டர் துருவைக் கடைந்து வாங்கத் தஞ்சாவூர்ப் பட்டறைக்குப் போயிருந்தார்கள். அவர்கள் திரும்புவதற்குள் பூஜையைப் பிரமாதப்படுத்திவிட வேண்டும் என்று எனக்குத் தோன்றியது. எட்டு வால்வையும் எடுத்து மனையில் தாமரைப்பூ போல அடுக்கி, ஒவ்வொன்றுக்கும் சந்தனம், குங்குமம் வைத்தேன். பெரியது நாலு, சின்னது நாலு என்பது தெரியும். எது எந்த முறத்தில் இருந்தது என்பது அந்தச் சரஸ்வதிக்கே வெளிச்சம்.

அம்மா வந்து பார்த்தாள். வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். நான் முதுகைத் தயாராக வைத்திருந்தேன். அடி விழவில்லை. பூஜையில் வைத்ததைப் பூஜை முடியும்வரை எடுக்கக்கூடாது என்பதால், மறுநாள் முழுக்க அந்தத் தாமரையைச் சுற்றிச் சுற்றி வந்தாள். விஜயதசமியன்று காலையில் தன் கண்மை டப்பாவை எடுத்துக்கொண்டு வந்து, "ஒக்காருடி" என்றாள்.

வால்வின் விளிம்பில் மை தடவி, குழியில் வைத்து அழுத்திப் பார்க்கவேண்டும். "வட்டம் முழுசா விழுந்தா இந்த வூட்டுப் பொண்ணு. அரைகொறையா விழுந்தா வேற வூடு." மூன்று நாளில் எட்டுப் பெண்களையும் அவரவர் வீட்டில் கொண்டுபோய்ச் சேர்த்தோம். எனக்குப் பெருமை தாங்கவில்லை. வினையைச் செய்தவளே நான்தான் என்பது வசதியாக மறந்துபோயிற்று.

மார்கழியில் ஒரு காலை, மூன்றாவது முயற்சியில், கொட்டகை முழுக்கக் கரும்புகையைக் கக்கிவிட்டு எஞ்சின் பிடித்துக்கொண்டது. ஐயோ, அந்தச் சத்தம்! அம்மா அழுதுகொண்டே சிரித்தாள்.

பொங்கலுக்கு வந்த அப்பா வண்டியை ஊர் முழுக்க ஓட்டிக்காட்டினார். அம்மாவை வாயாரப் புகழ்ந்தார். ஒருநாள் சாப்பிடும்போது, "டவுன்ல புதுசு புதுசா வண்டி வந்துடுச்சு. இதுல யாரு ஏறுவா? இன்னும் ரெண்டே வருஷம் மஸ்கட்ல இருந்துட்டு வந்துடறேன்" என்றார். அம்மா ரசம் ஊற்றினாள். "ஒண்ணு செய்யலாம். திருச்சி ஏர்போர்ட்டுக்கு நம்ம வண்டியிலயே போயிடலாம்" என்றார் சந்தோஷமாக.

போனோம். அப்பா ஓட்டினார், நான் முன்சீட்டில். அம்மா வரவில்லை. திரும்பும்போது மாமா ஓட்டிவந்தார். வண்டி நின்றதும் குதித்து ஓடி, "அம்மா! வழியில ஒரு எடத்துலகூட நிக்கலம்மா!" என்று கத்தினேன்.

"ஒரு எடத்துலகூடவா?"

"ஒரு எடத்துலகூட!"

அம்மா பானெட்டின் மேல் கையை வைத்தாள். இன்னும் சூடாக இருந்திருக்க வேண்டும். "எங்கயாவது நிக்கும்னு நெனச்சேன்" என்றாள்.

எனக்கு வந்ததே கோபம்! அத்தனை நாள் மை தடவி உட்காரவைத்த வால்வு, எப்படி நிற்கும்? நம்ம வேலைமேல ஒனக்கே நம்பிக்கை இல்லையா என்று அன்றைக்கு முழுக்க நான் அவளோடு பேசவில்லை.