ரோஸ்மேரி அக்காவின் கைதட்டல்

பத்து நாளைக்கு முன் ஒரு சாயங்காலம், செருப்பு அலமாரியைத் திறக்கப் போனபோது என்னையறியாமல் கை தட்டிவிட்டேன். "அலமாக், யாருக்கும்மா கைதட்டுறீங்க?" என்று மகள் விழுந்து விழுந்து சிரித்தாள். பாம்பு இருந்தால் ஓடட்டும் என்றேன். பெர்மாஸ் ஜெயாவில் எங்கள் அடுக்குமாடி வீட்டின் ஏழாவது மாடிக்குப் பாம்பு எப்படி ஏறிவரும் என்று அவளுக்குச் சந்தேகம். எனக்கும்தான். ஆனாலும் கை கேட்பதில்லை. இந்தப் பழக்கத்தை என்மேல் ஒட்டவைத்தவர் ரோஸ்மேரி அக்கா.

அக்கா பெக்கோக் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர். நான் எலெக்ட்ரானிக்ஸ் தொழிற்சாலையில் சேர்ந்த புதிதில் எனக்குப் பக்கத்து நாற்காலி. பூதக்கண்ணாடிக்குள் சின்னச் சின்னப் பச்சைத் தகடுகளைப் பார்த்துப் பார்த்துக் கண் பூத்துப்போயிருந்த எங்களை, ஞாயிற்றுக்கிழமைகளில் வெளியே இழுத்துப் போனவன் ஸ்டோரில் வேலை பார்த்த குணா. பறவைப் பைத்தியம். கழுத்தில் எப்போதும் தொலைநோக்கி தொங்கும். பெண் பார்க்கப் போனபோதும் அதைக் கழற்றவில்லை என்று கேலி செய்வோம். அக்கா சனிக்கிழமை சாயங்காலமே மாதா கோயில் பூசையை முடித்துவிட்டுத் தயாராக இருப்பார்.

கிழக்குக் கரையில் நிலம் கடலுக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் ஒரு குன்று. நாங்கள் அதை 'மூக்கு' என்போம். மழைக்காலம் தொடங்குமுன், கடல் அடங்கிக் கிடக்கும் வெயில் மாதங்களில் அதைச் சுற்றி நடப்போம். நடை என்றால் பெரிய நடை இல்லை. முதல் வளைவிலேயே நாசி லெமாக் சோற்றுப் பொட்டலத்தைப் பிரித்துவிடுவோம்.

பால்மரக் காட்டில் இருட்டோடு வேலைக்குப் போனவர்களின் பிள்ளை அல்லவா, அக்கா ஒவ்வொரு வளைவிலும் நின்று நிதானமாகக் கை தட்டுவார். "நாங்க வர்றோம், ஒதுங்கிக்கங்க" என்று அர்த்தமாம். விடாமல் படபடவென்று தட்டினால் வேறு அர்த்தம்: பாம்பைப் பார்த்தாயிற்று, கேள்வி கேட்காமல் பின்னால் தாவு. இதையெல்லாம் எங்களுக்கும் சொல்லிக்கொடுத்திருந்தார். அதனால் நாங்கள் பார்த்த விலங்குகளுக்கெல்லாம் முதுகும் வாலும்தான். அக்கா தட்டியதும் உடும்பு தொபுக்கென்று தண்ணீரில் விழும், குரங்குகள் கத்திக்கொண்டு மரத்துக்கு மரம் தாவும், உச்சியில் உட்கார்ந்திருந்த கடற்கழுகு எழுந்து போய்விடும். குணா தலையில் கைவைத்துக்கொண்டு உட்காருவான்.

அவனுக்கு நீர்நாயைப் பார்க்கவேண்டும் என்று ஒரே ஆசை. அதுவரை மணலில் கால்தடம் மட்டும்தான் பார்த்திருந்தான். ஒருநாள் கெஞ்சினான்.

"இன்னிக்கு மட்டும் கைய பாக்கெட்ல வச்சிக்குங்கக்கா, பிளீஸ் லா."

"சரி தம்பி. பாம்பு கடிச்சா நீதான் என்னைத் தூக்கிட்டுப் போவணும்."

அக்காவின் உடம்பையும் தன் உடம்பையும் ஒருமுறை பார்த்துக்கொண்டான். ஆனாலும் ஒத்துக்கொண்டான்.

அன்று சத்தமே இல்லாமல் நடந்தோம். கடைசி வளைவில், குன்றின் அடியில் ஆறு கடலில் சேரும் இடத்தில், இருந்தன. அம்மாவும் குட்டிகளுமாக நீர்நாய்கள் மீனைக் கையில் பிடித்துக் கடித்துக்கொண்டிருந்தன. குணாவுக்குக் கண் கலங்கிவிட்டது. நாங்கள் வாயைப் பிளந்து நின்றோம். பொறுமையில்லாத அக்கா மட்டும் மெல்ல இறங்கி, ஒரு செருப்பைக் கழற்றி, குனிந்து காலில் ஒட்டிய மணலைக் கழுவ ஆரம்பித்தார். கொஞ்சம் தள்ளி ஒரு கட்டை பாதி முங்கிக் கிடந்தது. வெள்ளத்தில் வரும் கட்டைகள் அங்கே சகஜம்.

திடீரென்று நீர்நாய்கள் எல்லாம் எழுந்து நின்று ஒரே பக்கம் பார்த்தன. கீச்சென்று ஒரு சத்தம், அவ்வளவுதான், ஒன்றையும் காணோம். நான் அந்தப் பக்கம் திரும்பினேன். கட்டை முதலில் இருந்த இடத்தில் இல்லை. அக்காவுக்குப் பக்கத்தில் வந்திருந்தது. அதற்குக் கண் இருந்தது.

கத்த வாயைத் திறந்தேன், சத்தம் வரவில்லை. குணாவுக்கும் வரவில்லை. அவன் கை தட்டினான். படபடவென்று, வெறி பிடித்தவன் மாதிரி தட்டினான். அக்கா நிமிரவும் இல்லை, பார்க்கவும் இல்லை. குனிந்த வாக்கில் பின்னால் தாவிப் பாறையில் விழுந்தார். தண்ணீர் பிளந்தது. அவர் கால் இருந்த இடத்தில் ஒரு வாய் மூடியது. பிறகு அலைதான். அலைமேல் ஒற்றைச் செருப்பு மிதந்தது.

"எங்கடா பாம்பு?" என்றார் அக்கா, காலடியில் தேடிக்கொண்டே.

முதலை என்று சொன்னதும் குணாவின் மணிக்கட்டைப் பிடித்தவர், வீடு வரும்வரை விடவில்லை. அடுத்த நடையிலிருந்து வளைவுக்கு வளைவு கை தட்டியது குணாதான்.

மகள் சிரித்த அன்றே இரண்டு பேருக்கும் போன் செய்தேன். போன ஞாயிறு, பல வருஷம் கழித்து, குணாவின் காரில் மூக்குக்குப் போனோம். வழி தப்பிவிட்டதோ என்று முச்சந்திவரை திரும்பிப் போய் மறுபடியும் வந்தோம். வழி சரிதான். மூக்கைத்தான் காணோம். வீடு இடிப்பார்கள், மரம் வெட்டுவார்கள், தெரியும். ஒரு குன்று காணாமல் போகுமா? அந்தப் பாறைகள், தாழம்புதர், கழுகு உட்காரும் மரம், எதுவும் இல்லை. குன்றை வெட்டி ஆற்றுவாயில் கொட்டிச் சமமாக்கியிருந்தார்கள். சிவப்பு மண், சுற்றிலும் தகர வேலி, வேலியில் கட்டப்போகும் வீடுகளின் நீச்சல்குளப் படம். அன்று முதலையைப் பார்த்தபோதுகூட நான் இப்படிப் பயந்ததில்லை.

அக்கா முட்டிவலியோடு இறங்கி வேலியோரம் போனார். நிதானமாக ஒருமுறை தட்டினார். பிறகு படபடவென்று, கை சிவக்கச் சிவக்கத் தட்டினார். ஒரு முதுகு இல்லை, ஒரு வால் இல்லை. குணா தொலைநோக்கியைக் கண்ணிலிருந்து இறக்கவே இல்லை.

"இன்னும் கொஞ்சம் சத்தமா தட்டிப் பாருங்கக்கா," என்றான்.

"இருந்தா ஓடியிருக்கும் தம்பி," என்று சொல்லிவிட்டு அக்கா காரில் ஏறிக்கொண்டார்.